குருவிக் கூட்டைக் கலைக்கும் முன் கொஞ்சம் படியுங்கள்

இன்று பதிவு கொஞ்சம் நீளம். காபி ஆறுவதற்குள் முடியாது. பொறுமை இருப்பவர்கள் கடைசி வரை வாருங்கள்.

ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. "காட்டுப் பறவைகளின் உடம்பில் கோடிக்கணக்கான ஒட்டுண்ணிகள் இருக்கின்றன. அவை மனிதனுக்குப் பரவுகின்றன. வீட்டில் கூடு இருந்தால் உடனே அகற்றுங்கள்." கீழே ஒரு கொசுப் படம், ஒரு புழுப் படம், ஒரு குழந்தையின் கையில் தடிப்பு. எழுதியவர் பெயர் இல்லை. என் கணக்கில் நான்கு குழுக்களில் வந்துவிட்டது.

இதில் முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது, உண்மை என்று தலையாட்டவும் முடியாது. முப்பது வருடத்துக்கு மேல் விலங்கியல் நடத்தியவன் என்ற உரிமையில் பிரித்துச் சொல்கிறேன். எது நமக்கு வரும், எது வராது, யாருக்கு நிஜமான ஆபத்து என்பது தெரிந்துவிட்டால் பயம் தானாக அளவுக்கு வந்துவிடும்.

காரணம் இல்லாமல் எழுத உட்காரவில்லை. என் பழைய மாணவன் ஒருவன் பெருமாள்மலைக்குக் கீழே நாலு அறை வைத்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறான். அவன் வீட்டு இறவாரத்தில் வருடா வருடம் தகைவிலான் குருவி களிமண்ணில் கூடு கட்டும். மலை ஊர்களில் வீட்டோடு ஒட்டி வாழ்கிற சின்னக் குருவி. தொண்டையும் நெற்றியும் செம்பழுப்பு, முதுகு பளபளக்கும் கருநீலம். பறந்துகொண்டே பூச்சி பிடிக்கும். போன வாரம் அவன் மகளுக்குக் கழுத்திலும் கையிலும் சிவப்புப் புள்ளி புள்ளியாகத் தடிப்பு, ராத்திரி முழுக்க அரிப்பு. அதே நாளில் இந்தச் செய்தியும் வந்திருக்கிறது. போன் செய்தான்.

"சார், சீசன் ஆரம்பிச்சிருச்சு. கெஸ்ட் யாராவது பார்த்து எழுதிட்டா பிழைப்பு போயிரும். எட்டுக் கூடு இருக்கு. இன்னைக்கே தட்டி விட்டுறலாம்னு இருக்கேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"குஞ்சு இருக்கா பாரு தம்பி" என்றேன்.

"நாலு கூட்டுல கத்துது சார்."

"அப்போ தட்டாதே. தட்டினா உன் மகளுக்கு அரிப்பு குறையாது, கூடும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம் ஊரில் "கோழிப்பேன்" என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று நிஜமான பேன். ஆறு கால். இறகையும் தோல் செதிலையும் மென்று வாழும். பறவையை விட்டால் அதற்கு வாழ்வில்லை. நம் மேல் ஏறினாலும் தங்காது. இன்னொன்று பேனே அல்ல, உண்ணி, சிலந்தி வகையறா. வளர்ந்ததற்கு எட்டுக் கால். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ரத்தம் குடித்தால் சிவப்புப் புள்ளி, குடிக்காவிட்டால் சாம்பல் தூசி. இதுதான் கூட்டில் இருக்கும். குஞ்சுகளின் ரத்தத்தில் வளர்ந்து, சூடான நாட்களில் ஒரே வாரத்தில் அடுத்த தலைமுறையைக் கொண்டுவந்துவிடும்.

குஞ்சு இருக்கும் வரை இதற்கு நம்மிடம் வேலை இல்லை. குஞ்சு பறந்துபோனால், அல்லது செத்துப்போனால், பசியோடு இறங்கி நடக்க ஆரம்பிக்கும். ஓட்டு இடுக்கு, ஜன்னல் கட்டை, பிறகு கட்டில். நம்மைக் கடிக்கும், தடிக்கும், அரிக்கும். ஆனால் நம் ரத்தத்தை மட்டும் குடித்து அது குடும்பம் நடத்த முடியாது. மனிதன் அதற்கு ஊர் அல்ல, வழியில் கிடைத்த டீக்கடை. அதனால் தோலில் தங்கிப் பெருகாது. சொறிசிரங்கு உண்ணி மாதிரி தோலைத் துளைத்துக் குடியிருக்காது.

இப்போது யோசியுங்கள். குஞ்சுகளோடு கூட்டைத் தட்டி வாசலில் போட்டால், அதிலிருந்த உண்ணி அத்தனையும் ஒரே நாளில் எங்கே போகும்? வீட்டுக்குள்தான்.

மாணவன் வீட்டில் கடைசியில் இப்படிச் செய்தோம். ஒரு கூடு மகள் படுக்கும் அறை ஜன்னலுக்கு நேர் மேலே இருந்தது. ஏற்கெனவே குஞ்சு பறந்துபோன கூடு. கையுறை போட்டு, முகக்கவசம் கட்டி, தண்ணீர் தெளித்து நனைத்து, பையில் வழித்தெடுத்துக் கட்டி அப்புறப்படுத்தினான். சுவரையும் ஜன்னல் இடுக்கையும் சோப்புத் தண்ணீரில் துடைத்து, இடுக்கை அடைத்தான். படுக்கை விரிப்பையெல்லாம் கொதிநீரில் அலசினான். மகளை டாக்டரிடம் காட்டி அரிப்புக்கு மருந்து வாங்கினான். மற்றக் கூடுகளில் குஞ்சுகள் பறக்கும் வரை காத்திருந்தான். எச்சம் விழும் இடத்தில் மட்டும் கீழே ஒரு பலகை. மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. வந்த விருந்தாளிகள் குருவியைப் படம் எடுத்தார்கள், யாரும் புகார் எழுதவில்லை.

அடுத்து அந்தச் செய்தியில் இருந்த கொசுப் படம். "பறவை மலேரியா மனிதனுக்கு வரும்" என்று எழுதியிருந்தார்கள். வராது.

ரொனால்டு ராஸ் பெயரைச் சொன்னால் வகுப்பில் எல்லாக் கையும் தூக்கும். கொசு, மலேரியா, நோபல் பரிசு என்பார்கள். குருவியைச் சொல்ல ஒரு கையும் தூக்காது. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், மலேரியா நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணியைப் பார்த்தார் ராஸ். பிறகு மாற்றல் வந்துவிட்டது. 1898-ல் கல்கத்தாவில் வேலையைத் தொடர்ந்தபோது கையில் எடுத்தது பறவை மலேரியாவை. நோயுள்ள குருவியைக் கொசு கடிக்க விட்டார். அந்தக் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வரை ஒட்டுண்ணி வந்து சேருவதைக் கண்டார். அதே கொசுக்களை நல்ல குருவிகளைக் கடிக்க விட்டு, அவற்றுக்கும் நோய் வருவதைக் காட்டினார். மலேரியா கொசுக் கடியால் பரவுகிறது என்ற சங்கிலி முழுசாக நிரூபணமானது சிட்டுக்குருவியால்தான். 1902-ல் நோபல் பரிசு.

அந்தக் குருவிகளைக் கடித்தவை கியூலெக்ஸ் வகைக் கொசுக்கள். மனித மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ். கொசுவே வேறு, ஒட்டுண்ணியும் வேறு. ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுவுக்குள் நுழைய, அணுவின் மேல்பரப்பில் தனக்குப் பொருந்தும் பூட்டு வேண்டும். பறவைக்குச் செய்த சாவி நம் பூட்டில் திரும்பாது. புறா வளர்ப்பவர்களுக்குத் தெரியும், இறகுக்குள் தட்டையாக ஓடும் ஒரு ஈ உண்டு. அதுவும் புறாவுக்குப் புறா இப்படி ஒரு ரத்த ஒட்டுண்ணியைக் கடத்தும். அந்த ஈ எப்போதாவது வளர்ப்பவர் கையையும் கடிக்கும். வலிக்கும், அவ்வளவுதான்.

"அப்படியானால் விலங்கிலிருந்து மலேரியா மனிதனுக்கு வரவே வராதா?" என்று ஒரு கெட்டிக்கார மாணவி கேட்பாள். வரும். 2004-ல் மலேசியாவில் சரவாக் மாநிலத்தின் கப்பிட் பகுதியில், பல்பீர் சிங் தலைமையிலான ஆய்வாளர்கள் குரங்கு மலேரியா மனிதர்களுக்குப் பெருமளவில் வந்திருப்பதைக் காட்டினார்கள். குரங்கு நமக்கு நெருங்கிய சொந்தம், பூட்டும் கிட்டத்தட்ட ஒன்று. பறவை தூரத்துச் சொந்தம். ஆகவே பயப்படுவதானாலும் உறவு பார்த்துப் பயப்பட வேண்டும்.

மூன்றாவது, புழுப் படம். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. வாத்து, நீர்க்கோழி போன்ற நீர்ப்பறவைகளின் ரத்தக் குழாயில் ஒரு தட்டைப்புழு வாழும். அதன் முட்டை எச்சத்தோடு தண்ணீருக்கு வந்து, பொரித்து, நத்தைக்குள் போய், வால் வைத்த நுண்ணிய குட்டிகளாக வெளியே வரும். அவை வாத்துக் காலைத் தேடும்போது நம் காலிலும் நுழைந்துவிடும். நம் தோலில் நுழைந்ததும் வழி தெரியாமல் செத்துப்போகும். செத்ததற்கு அடையாளமாக நமக்குக் கொப்புளமும் அரிப்பும். வயலில் நாற்று நடுபவர்களும் குளத்தில் நிற்பவர்களும் படும் கால் அரிப்பில் ஒரு பங்கு இதனால் வருவது. சில நாளில் தானே அடங்கும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துண்டால் அழுத்தித் துடைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

நான்காவது, காட்டில் ஒட்டும் பெரிய உண்ணி. 1957-ல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, மக்களுக்குக் காய்ச்சல் வந்தது. கிடைத்த வைரஸ் ரஷ்யப் பகுதியின் ஒரு வைரஸுக்குச் சொந்தம் என்று தெரிந்ததும், சந்தேகம் வலசைப் பறவைகள் மேல் விழுந்தது. வடக்கிலிருந்து உண்ணியைச் சுமந்து வந்தனவோ என்று. அதை ஆராயத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் சாலிம் அலியும் ஆயிரக்கணக்கான பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு, உண்ணிகளைப் பொறுக்கினார்கள். பறவைகள் அந்த நோயைக் கொண்டுவந்தன என்று நிரூபிக்க முடியவில்லை. ஆனால் நம் நாட்டுப் பறவைகளின் வலசை பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி அந்தச் சந்தேகத்தால் கிடைத்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சுயசரிதை எழுதிக் கொடுத்த மாதிரி.

உண்ணியைப் பொறுத்தவரை நாம் செய்ய வேண்டியது எளிது. சோலைக்குள்ளோ புதருக்குள்ளோ போனால் முழுக்கால் சட்டை. வந்ததும் உடம்பைப் பார்த்துக் குளியல். பிறகு காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் "காட்டுக்குப் போனேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை பல சோதனைகளை மிச்சப்படுத்தும்.

இதுவரை படித்துவிட்டு "வாத்தியார் எல்லாம் ஒன்றுமில்லை என்கிறார்" என்று எழுந்துவிடாதீர்கள். இப்போதுதான் முக்கியமான இடம்.

என் மனைவி சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர். ஆறு வருடம் ஆகிறது. மாற்றிய உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை தினமும் சாப்பிட வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கேட்ட கேள்விகளில் ஒன்று, "வீட்டில் புறா அடைகிறதா?" அடைந்தது. எங்கள் வீட்டுத் தகர மேற்கூரைக்கும் மச்சுக்கும் நடுவே மாடப்புறாக்கள் குடியிருந்தன. காலையில் அவை முனகும் சத்தத்தில்தான் அவர் எழுவார். அரிசி போட்டுப் பழக்கியதும் அவர்தான்.

காய்ந்த புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை வளரும். தூசியாகப் பறந்து மூச்சில் போனால், நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவர்கள் பெரும்பாலும் கவனிக்காமலே தாண்டிவிடுவார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு நுரையீரலிலும் மூளை உறையிலும் போய் உட்கார்ந்து உயிரைக் கேட்கும். கிளி வகைகளின் எச்சத் தூசியால் வரும் ஒரு நுரையீரல் காய்ச்சல் உண்டு, அது பாக்டீரியா. வான்கோழியில் முதலில் கண்ட கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி வகை ஒன்று மனிதக் குடலுக்கும் வரும். நமக்கு நாலு நாள் பேதி. அவரைப் போன்றவர்களுக்கு வாரக்கணக்கில். அது குளோரினுக்குச் சுலபத்தில் சாகாது, கொதிக்க வைத்தால் சாகும். ஊற்றுத் தண்ணீர் சுத்தமானது என்று இங்கே பல பேர் அப்படியே குடிக்கிறோம். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து கொதிக்காத தண்ணீர் அடுப்படி தாண்டாது.

புறா விஷயத்தில் நான் இரண்டு மனதாக இருந்தேன். அவர் இல்லை. "எனக்கும் அதுகளைப் பிடிக்கும். ஆனா இன்னொருத்தர் கொடுத்த சிறுநீரகம் இது, அதுக்கு நான் பொறுப்பு" என்றார். கொடுத்தவர் அவருடைய தம்பி. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. அவர் பத்து நாள் மகள் வீட்டுக்குப் போனார். முட்டையும் குஞ்சும் இல்லாத நேரம் பார்த்து, ஆள் வைத்து, எச்சத்தை நன்றாக நனைத்து அள்ளினோம். உலர்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. கூரை இடுக்கு முழுவதும் கம்பி வலை அடித்தோம். ஒரு வாரம் புறாக்கள் வலைமேல் வந்து உட்கார்ந்து பார்த்தன. பிறகு வேறு இடம் தேடிக்கொண்டன. முன்வாசல் தகைவிலான் கூடு இரண்டும் அப்படியே இருக்கின்றன. அந்த வழியாக அவர் வருவதில்லை, பின்வாசல் பழகிவிட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டுப் பார்ப்பார்.

ஆகவே மாற்று உறுப்பு வைத்தவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால், எச்சத்தைச் சுத்தம் செய்யும் வேலையை அவர்கள் தொடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் சொந்த வீடு பூனையின் குடல். மண்ணைக் கிளறும் கோழியும் காட்டுப் பறவையும் அதை வாங்கிக்கொள்ளும். அரைவேக்காட்டு இறைச்சி, கழுவாத கீரை, பூனை புழங்கிய மண் வழியாக நமக்கு வரும். நன்றாக வேக வைத்தால் தீர்ந்தது. காட்டுக்கோழி, காடை என்று யாராவது ரகசியமாகக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சுத்தம் செய்யும் கைக்கும் ஆபத்து.

கடைசியாக, அந்த வாட்ஸ்அப் செய்தியில் இல்லாத பக்கம். பறவையிடமிருந்து நமக்கு வருவதைப் பற்றியே பேசுகிறோம். நம்மால் பறவைக்குப் போவது?

1826-ல் ஹவாய் தீவுக்கு ஒரு கப்பலின் தண்ணீர்ப் பீப்பாயில் கொசு போய்ச் சேர்ந்தது. நம் ஊர்ச் சாக்கடையில் வளர்ந்து யானைக்கால் நோயைப் பரப்புகிற அதே கியூலெக்ஸ் வகை. பின்னால் வெளியூர்ப் பறவைகளோடு பறவை மலேரியாவும் போனது. அதைப் பார்த்தே இராத அந்தத் தீவின் தேன்குருவிகள் கொத்துக் கொத்தாக அழிந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்ட வகை இருந்த இடத்தில் இன்று இருபதுக்கும் குறைவு. மிஞ்சியவை பெரும்பாலும் குளிர்ந்த மலை உயரத்தில். சுமார் 13 டிகிரிக்குக் கீழே கொசுவுக்குள் அந்த ஒட்டுண்ணி வளராது. குளிர்தான் அவற்றுக்கு வேலி. இப்போது சூடு ஏற ஏறக் கொசுவும் மேலே ஏறுகிறது.

நம் சோலைப் பறவைகள் ஹவாய்ப் பறவைகள் போல ஒன்றும் அறியாதவை அல்ல. இந்த ஒட்டுண்ணிகளோடு நெடுங்காலமாக வாழ்ந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிக் காடுகளில் பறவைகளின் ரத்த ஒட்டுண்ணிகளைப் பற்றி வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் உள்ளிட்டோர் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. ஒரே வகைப் பறவையைப் பிடித்துக்கொள்ளும் ஒட்டுண்ணி உண்டு, கிடைத்த பறவையில் எல்லாம் ஏறும் ஒட்டுண்ணியும் உண்டு. மலைக்கும் மலைக்கும் நடுவே உள்ள பள்ளத்தாக்குகள் இரண்டையும் ஒரே மாதிரி தடுப்பதில்லை என்று அது காட்டியது. ஆக ஒட்டுண்ணி இங்கே ஏற்கெனவே இருக்கிறது. வேலியாகக் குளிரும் இருக்கிறது. அந்த வேலி எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

பழனி சிரிப்பான் என்று ஒரு குருவி. பழனி மலையில் பறவை சேகரித்த ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார் பெயரை அதன் அறிவியல் பெயரில் வைத்திருக்கிறார்கள். நம் தெற்கு மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. கீழே சூடு ஏறினால் மற்றக் குருவிகள் மேலே ஏறிக்கொள்ளும். இது ஏற்கெனவே மேலேதான் இருக்கிறது, அதற்கு மேல் வானம்தான். அதன் இடமும் சுருங்குகிறது. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018-ல் வந்த செயற்கைக்கோள் பட ஆய்வு சொல்கிறது. அந்த இடத்தில் வாட்டில், பைன், தைலமரம், விவசாய நிலம்.

சூட்டை நீங்களும் நானும் தனியாக நிறுத்த முடியாது. கொசுவை நிறுத்தலாம். கொடைக்கானலில் கட்டிடம் பெருகப் பெருக, மூடாத தொட்டி, மொட்டை மாடியில் உடைந்த பிளாஸ்டிக் வாளி, விடுதிக்குப் பின்னால் தேங்கும் கழிவுநீர் எல்லாம் பெருகுகின்றன. ஒவ்வொன்றும் அந்தக் கப்பல் பீப்பாய்தான். அதை மூடினால் நமக்கு டெங்கு குறையும், சோலைக் குருவிக்குப் புதுத் தொல்லை குறையும். ஒரு வேலை, இரண்டு லாபம்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் அனுப்பியவரோடு சண்டை போடாதீர்கள். பெரும்பாலும் பிள்ளைகள் மேல் உள்ள பயத்தில் அனுப்புகிறார்கள். குஞ்சு இருக்கும் கூட்டைத் தொட வேண்டாம், காலிக் கூட்டை நனைத்து எடுக்கலாம், நோயாளி இருக்கும் வீட்டில் புறாவை வலை போட்டுத் தடுக்கலாம், தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம் என்று நாலு வரி பதிலாகப் போடுங்கள். பிறகு மாடிக்குப் போய்த் தொட்டி மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.